அவள் விழவில்லை: சாம்பியன் ரீப்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நிவேதா விழவில்லை. நின்றாள். தனக்கு முன்னால் போனவள் கால் முறிந்து பனியில் கிடந்ததால் நின்றாள். அதை "நிலை தடுமாறி விழுந்தார், ஓட்டத்தை முடிக்கவில்லை" என்று எழுதினார்கள். அந்தப் பொய்யைக் காரணம் காட்டி இந்தக் குளிர்காலப் பயிற்சி முகாமிலிருந்து அவள் பெயரை எடுத்தும்விட்டார்கள். எழுதியவர் அவள் கல்லூரியின் அணி மேலாளர். தெரிந்தே அதைத் தாங்கிப் பிடிப்பவர் விளையாட்டுத் துறை இயக்குநர். பயணக் கட்டுரையில் இந்த வழக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் கோலார் தங்க வயலுக்குப் போனதே இதற்காகத்தான். ரயில், பேருந்து விவரமும் சொல்கிறேன், கவலைப்படாதீர்கள்.

முதலில் நிவேதா யார் என்று சொல்லிவிடுகிறேன். தங்க வயலில் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டுப் பெண். பெங்களூரில் ஒரு கல்லூரியில் ஐந்து வருடப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். பனிச்சறுக்குப் பந்தயம் ஓடுகிறாள். காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு, மலைச் சரிவில் சிவப்பும் நீலமுமாக மாற்றி மாற்றி நட்ட கொடிகளைச் சுற்றி வளைந்து வளைந்து கீழே இறங்க வேண்டும். ஒரு கொடியைத் தவறவிட்டாலும் கணக்கில் கிடையாது. குறைந்த நேரத்தில் இறங்குபவருக்குப் பதக்கம். தங்க வயலில் பனி பெய்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஊரிலிருந்து போய்தான் இவள் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினாள்.

நான் யார் என்றும் கேட்பீர்கள். சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் நானாகப் படித்தது, இந்தக் கணினியில் தட்டுவது உட்பட. நிவேதாவின் தாத்தா ஏழுமலையும் நானும் ஒரே ஷிப்டு. 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு நான் ஆம்பூரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏழுமலை அங்கேயே இருந்து அங்கேயே போய்ச் சேர்ந்தான். அவன் மகன் சேகர் இப்போது தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் குழாய் வேலை பார்க்கிறான்.

புரட்டாசி பிறந்ததும் சேகர் போன் செய்தான்.

"மாமா, வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குப் பாராட்டு விழா வெக்கிறாங்க. காலேஜ் டைரக்டரே வர்றாரு. நீங்க வந்துதான் ஆவணும்."

"பேரை முகாம்லருந்து எடுத்துட்டுப் பாராட்டு விழாவா?"

"அதான் மாமா, அவரு கையில பேசிப் பாக்கலாம்னு கீறேன். இது அவளுக்குக் கடைசி வருசம். இந்தக் குளிர்ல ஓடலன்னா அப்புறம் காலேஜ் போட்டியே கெடையாது. வாங்க. ஆனா ஒண்ணு, மேடையில மட்டும் ஏறிடாதீங்க."

சரி என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆம்பூரில் காலை ஆறரை மணி ரயில். ஜோலார்பேட்டை, குப்பம் வழியாகப் பங்காருப்பேட்டைக்கு எட்டே முக்கால். முன்பதிவில்லாத டிக்கெட்டே போதும், ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்கும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளை ரயில் உண்டு, சுமார் பதினாறு கிலோமீட்டர். வார நாட்களில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்குத் தோதாக விட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் ஊரையே அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். நம்மைப்போல் எதிர்த் திசையில் போகிறவனுக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், அது உதவாது. முன்கூட்டியே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போய் நடைமேடையில் நின்றேன். டிக்கெட் கொடுப்பவரிடம் ஏன் ரயில் இல்லை என்று சண்டை போட்டேன். அவர் என்னைவிட வயதானவரைப்போல் பெருமூச்சு விட்டார்.

பங்காருப்பேட்டையில் பானிபூரி சாப்பிடாமல் வராதீர்கள். அங்கே தண்ணீர் நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும், வாயில் போட்டால்தான் காரம் தெரியும். ஆனால் கடைகள் மாலையில்தான் சூடு பிடிக்கும். காலையில் இட்லிதான். அதன் பிறகு ராபர்ட்சன்பேட்டைக்குப் பேருந்து, அரை மணி நேரம்.

ராபர்ட்சன்பேட்டையில் இறங்கியதும் முதல் எரிச்சல். கடைவீதி முனையில் ஒரு பிளெக்ஸ். கல்லூரி வைத்தது. இயக்குநர் படம் ஆளுயரத்துக்கு. கீழே மூலையில் ஒரு பனிச்சறுக்கு வீரரின் படம். கிட்டப் போய்ப் பார்த்தேன். அது நிவேதா இல்லை. தாடி வைத்த வெள்ளைக்காரர். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். "தங்க மகளே வருக" என்று அந்தத் தாடிக்காரருக்கு மேல் எழுதியிருந்தது. எதிரில் மளிகைக் கடைக்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பெரியவரே, நாங்களும் ரெண்டு நாளா அந்தப் பொண்ணுக்கு எப்ப தாடி மொளச்சுதுன்னுதான் யோசிச்சிக்கினு கீறோம்."

அங்கிருந்து சாம்பியன் ரீப்ஸுக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். ஓட்டியவர் பெயர் மஸ்தான். நான் பையோடு ஏறியதும், "சயனைட் மேடு பாக்கணுமா? எல்லாரும் சினிமா பாத்துட்டு அதான் கேக்குறாங்க" என்றார்.

"நான் இங்கே பொறந்தவன்ப்பா."

"அப்டியா? அப்போ நீங்கதான் எனக்குக் காட்டணும். எந்தப் பக்கம் போவணும்?"

ஸ்கீ ஓடுகிற பெண் வீட்டுக்கு என்றேன். மஸ்தான் உடனே திரும்பிப் பார்த்தார். ஆட்டோ கொஞ்சம் ரோட்டை விட்டு இறங்கியது.

"அந்தப் பொண்ணா! காலங்காத்தால ரோட்ல கொழா நட்டு வெச்சிக்கினு சக்கர ஷூ போட்டுக்கினு பறக்குமே! ஒரு தபா என் வண்டியையே கொடின்னு நெனச்சி சுத்திக்கினு போச்சு. நான் பயந்து பிரேக் போட்டா, திரும்பிப் பாத்து 'தேங்க்ஸ் அண்ணா, இன்னும் கொஞ்சம் மெதுவா வாங்க'ன்னு சொல்லிட்டுப் போவுது. அது எப்டி சார் விழும்? பேப்பர்ல விழுந்துச்சுன்னு போட்டிருந்தாங்களே?"

"விழல."

"அதான பாத்தேன்."

ஒரு ஆட்டோக்காரருக்கு விளங்கியது ஒரு கல்லூரிக்கு விளங்கவில்லை என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் உண்மை வேறு. கல்லூரிக்கும் நன்றாகவே விளங்கும். விளங்கியதைச் சொன்னால் யாருக்குச் சங்கடம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

சேகர் வீடு பழைய லைன் வீடு. முன்னறை, பின்னால் சமையல், தகரக் கூரைக்குக் கீழே அவனாகப் போட்ட பலகை. சேகரின் மனைவி வசந்தா தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு தடித்த துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சறுக்கும்போது கொடிக்கம்பம் வந்து அடிக்கிற இடத்தில், முன்கையிலும் முழங்காலிலும் கட்டுவதற்கான மெத்தை. கடையில் வாங்கினால் விலை எங்கேயோ நிற்கிறது, அதனால் பழைய மழைக்கோட்டை வெட்டித் தைக்கிறாள். பதக்கங்கள் பிரிட்ஜ் மேல் ஒரு தட்டில் கிடந்தன. பக்கத்தில் வெங்காயம்.

"முகாம்ல பேரே இல்ல, யாருக்கும்மா தைக்கிற?" என்று கேட்டுவிட்டேன்.

"பேரு வரும்போது மெத்தை இல்லன்னா இன்னா மாமா பண்றது?" என்றாள், ஊசியிலிருந்து கண் எடுக்காமல்.

நிவேதா வந்தாள். ஏழுமலையின் கண்கள், அவனுடைய அதே பிடிவாதமான தாடை. அவளுடைய கதையை அன்று காலை முழுக்கக் கேட்டேன். உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கல்லூரியின் பாராட்டு உரையில் இதில் பாதிகூட வரவில்லை.

கல்லூரியில் முதல் வருடம் என்.சி.சி.யில் இருந்தாள். இமயமலையில் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, குளிருக்குப் பயந்து மற்றவர்கள் பின்வாங்க, இவள் கை தூக்கினாள். மூன்றாம் நாளே பயிற்சியாளர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு இதற்கு முன் எங்கே சறுக்கியிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். "சயனைட் மேட்டில்" என்றாளாம். அவர் கேலி செய்கிறாள் என்று நினைத்துத் திட்டினாராம்.

வெளியூர்க்காரர்களுக்கு: தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருடத்துக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி மலையாக்கியதுதான் சயனைட் மேடு. எங்கள் பிள்ளைகள் பழைய கன்வேயர் பெல்ட் துண்டில் உட்கார்ந்து அதில் சறுக்குவார்கள். நிவேதா நின்றபடியே சறுக்குவாளாம். வசந்தா அதற்காக அவளை அடித்த அடி கொஞ்சநஞ்சமில்லை. அடித்தது சரிதான். அந்த மண் விஷம். ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சறுக்கி விளையாட விஷ மேட்டை விட்டுவைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

முதல் தேசியப் போட்டியில் கடைசிக்கு முந்தின இடம். யாரோ கழித்துப் போட்ட பலகைகள், ஒரு அளவு பெரிய பூட்ஸ், உள்ளே இரண்டு ஜோடி காலுறை. அந்த வருடம் ஊருக்கு வந்தவள் சேகரிடம் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் கேட்டாள். அவன் வேலையில் மிஞ்சியதைக் கொண்டுவந்தான். அவள் சிவப்பும் நீலமும் அடித்துச் சிமெண்டு டப்பாக்களில் நட்டாள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் ஷாப்டு வாயிலிலிருந்து இறங்குகிற ரோட்டில் அவற்றை வரிசையாக வைத்து, சக்கர ஷூவில் விடுமுறை முழுக்க வளைந்து வளைந்து இறங்கினாள். இரண்டாம் வருடம் ஜயண்ட் ஸ்லாலம் என்கிற பெரிய வளைவுப் பந்தயத்தில் ஆறாவது. மூன்றாம் வருடம் அதே பந்தயத்தில் வெண்கலம். பனியிலேயே பிறந்து, நடக்கிறதற்கு முன்னால் சறுக்கக் கற்ற பெண்களோடு ஓடி வாங்கிய வெண்கலம் அது.

இந்த வருடத் தொடக்கத்தில் நடந்ததுதான் வழக்கு. மத்தியானம் அந்த ரோட்டில் என்னை நடத்திக்கொண்டு போய், குழாய்க் கொடிகளைக் காட்டியபடி அவளே சொன்னாள்.

பந்தயம் இரண்டு ஓட்டம். இரண்டின் நேரத்தையும் கூட்டுவார்கள். முதல் ஓட்டத்தில் நிவேதா மூன்றாவது. லடாக்கிலிருந்து வந்த டோல்மா நான்காவது. இரண்டாவது ஓட்டத்தில் வரிசையைத் திருப்பிவிடுவார்கள், அதனால் டோல்மா முன்னால், நிவேதா அவளுக்கு அடுத்து. முன்னால் போனவர் கீழே சேர்வதற்குள்ளேயே அடுத்தவரை விட்டுவிடுவது வழக்கம்.

"ஒரு மேடு வரும் தாத்தா. அதுக்கு அந்தப் பக்கம் தெரியாது. மேட்டைத் தாண்டினா நீலக் கொடிக்குக் கீழ டோல்மா குறுக்கால கெடக்குறா. கால் திரும்பிப் போய்க் கெடக்குது. நான் பக்கவாட்டுல திருப்பி நிறுத்திட்டேன். பலகையைக் கழட்டி மேல குறுக்கா நட்டு வெச்சேன், பின்னால வர்றவங்களுக்குத் தெரியட்டும்னு. அவ கையைப் புடிச்சிக்கினேன்."

"அப்புறம்?"

"கொடிங்களக் கண்காணிக்க நிக்கிற கொடிக்காரர் ஓடி வந்தாரு. அவரு வயர்லெஸ் வேலை செய்யல. நீங்க போய் ஸ்ட்ரெச்சர் கூட்டியாங்க, நான் இருக்கேன்னேன். அவரு போயிட்டாரு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை. விதி இதுதான்: ஓடும்போது தடை வந்தால் நிற்க வேண்டும், பக்கத்துக் கொடிக்காரரிடம் உடனே சொல்லி, நடுவர்களிடம் மறு ஓட்டம் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள். நிவேதா நின்றாள். கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் டோல்மாவை விட்டுவிட்டுப் போக வேண்டும், அல்லது வந்த கொடிக்காரரிடம் முதல் வார்த்தையாகத் தன் ஓட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். தங்க வயலில் பிறந்தவர்களுக்கு அது வராது. சுரங்கத்தில் பாறை வெடிப்பதை நாங்கள் ஏர்பிளாஸ்ட் என்போம். ஏர்பிளாஸ்டில் ஒருவன் விழுந்தால், ஒரு கை அவன் மேல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மணி அடிக்கவும் ஆள் கூப்பிடவும் இன்னொருவன் போவான். பிடித்த கையை விடக் கூடாது, ஸ்ட்ரெச்சர் கேஜ் என்கிற லிப்டுக் கூண்டில் ஏறுகிறவரை. எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஏழுமலை சுரங்கத்தின் ஒரு லெவலில், அதாவது தளத்தில், கால் நசுங்கிக் கிடந்தபோது நாராயணப்பா என்கிற தெலுங்குக்காரர் அப்படித்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சினிமாப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். அவர் குரல் கொடுமை, அந்த வலியைவிட அதுதான் தாங்கவில்லை என்று ஏழுமலை கடைசிவரை சொல்வான். அந்த வீட்டில் வளர்ந்த பெண் இவள்.

"உனக்கு விதி தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் தாத்தா. ஞாபகம் வரல. அவ கைய வுட்டாதான ஞாபகம் வரும்?"

"அப்படின்னா அந்த விதியே தப்பு."

"விதி சரிதான். விதியைத் திட்டாதீங்க. எனக்குப் பதிலா டீம் மேனேஜரு போய்க் கேட்டிருக்கலாம். அதுக்குத்தான் அவரை அனுப்புறாங்க. அவரு ஓட்டம் முடியிற எடத்துலயே இல்ல. ஹீட்டர் ரூம்ல இருந்தாரு. நான் ஸ்ட்ரெச்சர்கூடவே எறங்கிப் போய் அவரைத் தேடிப் புடிச்சா, நாளைக்குப் பேசிக்கலாம்னாரு. மறுநாள் போனா, மறு ஓட்டம் கேக்குற நேரம் முடிஞ்சுபோச்சு."

மறுநாள் அவர் தன் அறிக்கையில் அவளை விழ வைத்தார். ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்த டோல்மா நடந்ததை ஒரு வரி பிசகாமல் கல்லூரிக்கு எழுதினாள். பதில் இல்லை. முகாமுக்குக் கடைசிப் பட்டியல் போட்டபோது, நெருக்கடியில் தடுமாறுகிறவர் என்று சொல்லி நிவேதாவின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

விழா நான்கு மணிக்கு, சாம்பியன் ரீப்ஸில் ஒரு சமூகக் கூடத்தில். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். இயக்குநர் ஐந்துக்கு வந்தார். வந்ததும் சேகரையும் நிவேதாவையும் மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்குக் கூப்பிட்டார். வசந்தா தானாகப் போனாள். நானும் போனேன்.

"நீங்க யாரு?" என்று கேட்டார்.

"அவ தாத்தாவோட ஷிப்டு" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் உட்காரச் சொல்லிவிட்டார்.

நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார், அதை மறைக்க மாட்டேன். கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "நான் உனக்கு எதிரி கிடையாதும்மா. அறிக்கை மேலே போயாச்சு. இப்போ மாத்தினா மேலாளர் மேல விசாரணை வரும், கல்லூரி மேல வரும், அடுத்த வருஷம் அணியே அனுப்ப விடமாட்டாங்க. மேடையில ஒரு வார்த்தை சொல்லிடு. அன்னைக்குத் தவறி விழுந்துட்டேன், இந்த வருஷம் சரி பண்ணிடுவேன்னு. பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க, அதோட இந்தப் பேச்சு முடிஞ்சிடும். முகாம்ல உன் பேரைச் சேர்க்க நான் பொறுப்பு."

சேகர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். "ஒரு வார்த்தைதான பாப்பா. சொல்லிடு. பனியில நின்னு காட்டு, அப்புறம் யாரு கேக்கப் போறாங்க?"

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே போய் அடுத்தவர் குழாயைச் சரிசெய்து, அந்தச் சம்பளத்தில் மகளை நான்கு முறை இமயமலைக்கு அனுப்பியவன். வசந்தாதான் கேட்டாள்.

"உங்க அப்பா கால் நசுங்கிக் கெடந்தப்போ நாராயணப்பா இன்னா பண்ணாரு? ஷிப்டு முடிஞ்சிதுன்னு கேஜ்ல ஏறிட்டாரா?"

சேகர் நாற்காலியில் பின்னுக்குப் போய் உட்கார்ந்தான். நிவேதா பேசினாள்.

"சார், ரூல் படி நான் தப்புப் பண்ணேன். ரீரன் கேக்கல. அதை எங்க வேணும்னாலும் சொல்றேன். விழுந்தேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? ரெண்டுலயும் நீ ஓட்டத்தை முடிக்கல."

"ஒண்ணு இல்ல சார். விழுந்தது டோல்மா. நானும் விழுந்தேன்னு சொன்னா, அவகூட நின்னது யாரு?"

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடைக்குப் போகலாம் என்றார்.

மேடையில் அவர் இந்த மண்ணின் மகள், பெண் சக்தி, கல்லூரியின் பெருமை என்று கால் மணி நேரம் பேசினார். பொன்னாடை போர்த்தினார். பிறகு ஒலிபெருக்கியை நிவேதாவிடம் கொடுத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முதலில் தமிழில் சொன்னாள், பிறகு அதையே கன்னடத்திலும். அன்றைக்கு என்ன நடந்தது, எங்கே நின்றாள், யார் கையைப் பிடித்திருந்தாள். "மறு ஓட்டம் கேக்காதது என் தப்பு. எனக்காகக் கேக்க வேண்டிய இன்னொருத்தர் அங்க இல்ல. நான் விழல." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேச்சு இரண்டு நிமிடம்கூட இருக்காது.

பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர், "அந்த இன்னொருத்தர் எங்கப்பா போயிருந்தாரு, டீ குடிக்கவா?" என்றார். அதன் பிறகு எழுந்த சிரிப்பையும் கைதட்டலையும் இயக்குநரால் நிறுத்த முடியவில்லை. அவர் போண்டாவைத் தொடாமல் கிளம்பினார். நான் மேடை ஏறவில்லை. கீழே நின்றபடியே கத்தினேன்: "முகாம்ல பேரு உண்டா இல்லையா, சொல்லிட்டுப் போங்க!" பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வந்திருந்த இரண்டு பத்திரிகைகளில் ஒன்றில் பொன்னாடைப் படம் மட்டும் வந்தது. மற்றதில் ஒன்றுமே வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை முகாமில் அவள் பெயர் இல்லை. மலையில் பனி விழ இன்னும் சில வாரங்கள்தான்.

அன்று ராத்திரி சேகர் என்னைப் பங்காருப்பேட்டைவரை பைக்கில் கொண்டுவந்து விட்டான். நிலையத்தில் இறக்கிவிட்டு, "மாமா, நான் சொல்லிடுன்னு சொன்னத எங்கப்பா கேட்டிருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு இல்ல?" என்றான்.

"அடிச்சிருப்பான். அப்புறம் அவனே அந்த டைரக்டர்கிட்டப் போய்க் கெஞ்சியிருப்பான்" என்றேன். உண்மை அதுதான். பெற்றவர்களைக் கெஞ்ச வைக்கிறார்கள் என்பதில்தான் என் வயிறு இன்னும் எரிகிறது.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பயணம் போகிறவர்களுக்கு முதலில். மழை விட்ட பிறகு, தை வரை போங்கள். காலை கிளை ரயிலை நம்பாதீர்கள், பேருந்தில் போங்கள். திரும்பும்போது பங்காருப்பேட்டையில் பானிபூரிக்கு நேரம் வையுங்கள். சயனைட் மேட்டைத் தூரத்திலிருந்து பாருங்கள். ஏறாதீர்கள், காற்று அடிக்கிற நாளில் கிட்டவே போகாதீர்கள், பிள்ளைகளை அதில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். விடியற்காலையில் சாம்பியன் ரீப்ஸ் ரோட்டில் சிவப்பு நீலக் குழாய்களைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஒரு பெண் வேகமாக வருவாள்.

அந்த மேட்டுக்குப் பொறுப்பானவர்கள் மண் பறக்காமல் மூட வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சறுக்க ஒரு நல்ல சிமெண்டுத் தளம் நகராட்சி கட்டித் தர வேண்டும். பிளெக்ஸ் அடித்தவர் அந்தத் தாடிக்காரரை இறக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் படத்தை, அவள் முகம் தெரிகிற மாதிரி, இயக்குநருடைய படத்தைவிடப் பெரிதாகப் போட வேண்டும். பத்திரிகைக்காரர்கள் டோல்மாவுக்கு ஒரு போன் போட வேண்டும், அவள் பேசத் தயாராக இருக்கிறாள். போட்டி நடத்துகிறவர்கள் வேலை செய்கிற வயர்லெஸைக் கொடிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். அணி மேலாளர் தான் எங்கே இருந்தார் என்பதை அவரே சொல்ல வேண்டும், மற்றவர்கள் சொல்கிறவரை காத்திருக்கக் கூடாது. இயக்குநர் அந்த ஒரு வரியைத் திருத்தி, பனி விழுவதற்கு முன் முகாமில் அவள் பெயரைச் சேர்த்து, அதைச் சேகரிடம் சொல்லாமல் நேராக அவளிடம் சொல்ல வேண்டும். இயக்குநர் இதைச் செய்யாவிட்டால், கல்லூரி முதல்வரே செய்ய வேண்டும். இதைப் படிக்கிற தங்க வயல்காரர்கள், எந்த ஊரில் இருந்தாலும், அந்த முதல்வருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும். நான் ஏழு எழுதிவிட்டேன்.

நிவேதா செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை.